சூளைப் பாலம் திறந்திருந்த ஐம்பது நிமிடம்

வெள்ளம் வடியத் தொடங்கிய மறுநாள் ஏதாவது ஒரு பாலத்தருகே போய் நின்று பாருங்கள், உங்கள் போன் ஓயாது. மேலதிகாரி, கவுன்சிலர், நலச்சங்கம், நிருபர், உங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்றே தெரியாத யாரோ ஒருவர் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எப்போது திறப்பீர்கள்? இந்த வருடம் பணியில் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் போன வாரம் சேலையூரில் என் வீட்டுக்கு வந்து, மழைக்காலம் வருகிறது, ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்றீர்கள். நான் காபி கொடுத்து, கையேட்டைப் படியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் உதவிப் பொறியாளர். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள சாலைகள் என் பொறுப்பில் இருந்தன. பெருங்களத்தூர், பீர்க்கன்கரணைப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் கால்வாய்களில் ஓடி அடையாற்றில் சேரவேண்டும். அந்தக் கால்வாய்களில் ஒன்றின் மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. இரண்டே கண், நடுவில் ஒரே ஒரு தூண். எப்போதோ பக்கத்தில் செங்கல் சூளை இருந்ததால் ஊரில் அதற்குச் சூளைப் பாலம் என்று பெயர். பாலத்துக்கு மேற்கே மூன்று குடியிருப்புகள் இருந்தன. அங்கிருந்து வெளியே வர இரண்டு வழிகள்தான். ஒன்று பெரிய சாலை, அதில் கழுத்தளவு தண்ணீர். இன்னொன்று இந்தப் பாலம். அதன் கிழக்குப் பக்கத்தில் பாலத்தையும் சாலையையும் இணைக்கும் மண்மேட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. பாலம் நிற்கிறது, அதில் ஏற வழியில்லை.

நாங்கள் முப்பது மணி நேரம் வேலை செய்தோம். எனக்குக் கொடுத்த கம்பூட் ஆண்களுக்கானது, ஒன்பதாம் நம்பர். உள்ளே செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடந்தேன். கருங்கல், மணல் மூட்டை, அதற்கு மேல் ஜல்லிக் கலவை என்று போட்டு, ரோலர் வரமுடியாததால் ஜே.சி.பி.யையே முன்னும் பின்னும் ஓடவிட்டு அழுத்தினோம். என் சாலை ஆய்வாளர் தேவசகாயம் அந்த முப்பது மணி நேரத்தில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

திறப்பதற்கு முன் தூணைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். பாலத்தின் மேல் நின்று, கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி இறக்கி ஆழம் அளந்தேன். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்பது அடி. தரை வழக்கமாக இருக்கும் ஆழம்தான். ஆனால் நான் அளந்தது தண்ணீர் வெளியேறும் பக்கத்தில். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில் ஆகாயத்தாமரை, மூங்கில், தெர்மாகோல், யார் வீட்டிலிருந்தோ வந்த பிரிட்ஜ், ஒரு இரும்பு கேட் எல்லாம் தூணில் சிக்கி ஒரு மேடாகவே ஆகிவிட்டிருந்தன. குண்டை இறக்க இடமில்லை. ஜே.சி.பி.யின் கை நடுத் தூண்வரை எட்டாது. தண்ணீர் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அரிப்பு முதலில் வருவது தண்ணீர் மோதும் பக்கத்தில்தான், குப்பை சிக்கினால் இன்னும் மோசமாகும் என்று கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். அளக்க முடிந்த இடத்தில் அளந்துவிட்டு, அளக்கவேண்டிய இடத்தையும் பார்த்துவிட்டதாக என் மனசு எடுத்துக்கொண்டது. தூங்காத மனசு அப்படி நிறையச் செய்யும்.

காலை பத்து மணிக்குத் திறந்தேன். நானே நடுச்சாலையில் நின்று கை காட்டி வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டேன். கவுன்சிலர் கும்பிட்டார். ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘பாலம் திறந்தாச்சு’ என்ற செய்தி ஐந்து நிமிடத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கன்னியப்பன் வந்தார். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். வெள்ளம் என்றதும் அந்தக் குப்பத்து ஆட்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று நாளாக மாடிகளில் சிக்கியவர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அவருடைய படகு இழுப்பில் பாலத்தை நோக்கிப் போய்விட்டது. பாலத்துக்கு அடியில் போய்விடாமல் இருக்கத் தூணருகே, குப்பைக்கு ஓரமாகக் கழியை ஊன்றப் பார்த்திருக்கிறார்.

"மேடம், உங்க நடுத்தூணு கீழ மண்ணு இல்ல போலகீது," என்றார். "கழி இறங்கிகினே போச்சு. தரையே தட்டல."

நான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, ஓட்டத்தில் கழி சாய்ந்திருக்கும், நான் அளந்துவிட்டேன் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். கோபமாகவோ மட்டமாகவோ பேசவில்லை. அவர் சொன்னது என் காதுக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

"பதினெட்டு அடி கழி மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, படகில் ஆட்கள் காத்திருந்ததால் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து தேவசகாயம் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். முப்பது மணி நேரத்தில் முதல்முறையாக ஒரு கருங்கல்லின்மேல் உட்கார்ந்தேன். டீயைக் குடிக்கும்போது யாரும் கேட்காமலேயே மனசு ஒரு கூட்டல் போட்டது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்பது அடியில் தரை. தரைக்குக் கீழே ஆறு அடியில் தூணின் அடித்தளம் முடிகிறது, அந்த வரைபடத்தை நானே பார்த்திருக்கிறேன். ஒன்பதும் ஆறும் பதினைந்து. கழி பதினெட்டு.

கழி சாய்ந்திருக்கலாம். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்க்கரையில் ஒரு தண்ணீர் லாரி பாலத்தில் ஏற வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். டம்ளரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஓடினேன். பெரிய கம்பூட்டோடு ஓடியதில் ஒருமுறை விழுந்தேன்.

லாரியைக் கை காட்டி நிறுத்திவிட்டு என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் மூன்று நாளாகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. சூளைப் பாலம் திறந்தாயிற்று என்று இப்போதுதான் மேலே சொன்னதாகச் சொன்னார். மூடவேண்டும் என்றேன். யார் பார்த்தது என்று கேட்டார். படகுக்காரர் ஒருவர் கழி விட்டுப் பார்த்தார் என்றேன்.

"நீ பார்த்தியாம்மா?"

"இன்னும் இல்ல சார்."

கொஞ்ச நேரம் இருமினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மூடிட்டுப் போய்ப் பாரு," என்றார். "பார்த்துட்டு மூடலாம்னு நிக்காத."

என் பணிக்காலத்தில் கேட்ட உத்தரவுகளில் அவ்வளவு தெளிவான இன்னொன்று இல்லை. அவருடைய மற்ற முடிவுகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, இந்த ஒன்றுக்காக அவரை எப்போதும் மரியாதையாக நினைத்துக்கொள்வேன்.

மூடு என்பது சுலபமான வார்த்தை. தடுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெள்ளத்தில் போயிருந்தன. மேற்குப் பக்கத்தில் தேவசகாயம் கயிறு கட்டினார். பைக்குகள் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தன. வாட்ஸ்அப்பில் பார்த்தோமே, திறந்திருக்கிறதே என்றார்கள். திறந்த செய்தி போன வேகத்தில் மூடிய செய்தி போகாது. ஒரே வழிதான் இருந்தது. கிழக்கே நாங்கள் போட்டு முடித்த மண்மேட்டைக் குறுக்கே வெட்டச் சொன்னேன்.

ஜே.சி.பி. ஓட்டுநருக்கு என் மகன் வயது இருக்கும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மேடம், காத்தாலதான் போட்டோம்."

"தெரியும்பா. வெட்டு."

மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டினார். மணல் மூட்டை தூக்கிய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரமாக நின்று பார்த்தார்கள். அவர்கள் தோலுரிந்த தோள்களோடு நின்றார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. பாலம் விழுமோ என்கிற பயத்தைவிட, பார்க்கிறவர்கள் முன்னால் என் சொல்லை நானே மாற்றுகிற வெட்கம்தான் அப்போது பெரிதாக இருந்தது. இதை உங்களுக்குச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கம் வரும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அது வரும்போது அதன் பேச்சைக் கேட்கமாட்டீர்கள். திறந்து சரியாக ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

மேற்குக் கரைக் குடியிருப்புகளின் நலச்சங்கச் செயலாளர் பாஸ்கரன், பள்ளி ஆசிரியர். பாலத்தின் மறுமுனையில் காரை நிறுத்திவிட்டுக் கயிற்றருகே வந்து நின்றார். எனக்குப் பின்னால் ஜே.சி.பி.யும் அவருக்குப் பின்னால் வண்டிகளும் நிற்க, பாலத்தின் நீளத்துக்கு இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவருடைய மனைவிக்கு டயாலிசிஸ். ஒரு முறை ஏற்கெனவே தவறிப்போயிருந்தது. அந்த அம்மா காரின் பின்சீட்டில் படுத்திருந்தார்.

"ஒரு மணி நேரம் முன்னாடி சரின்னீங்க. இப்ப சரியில்லைங்கறீங்க. நாங்க எதை மேடம் நம்பறது?"

"இப்ப சொல்றதை நம்புங்க சார்."

ஒரே ஒரு கார்தானே, மெதுவாக விட்டுவிடுங்கள் என்று கவுன்சிலர் என் பக்கத்தில் வந்து சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் லாரியைத் தாங்காத பாலம் ஒரு காரைத் தாங்கலாம். தாங்கும் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. முடியாது என்றேன்.

கன்னியப்பனுக்கு ஆள் அனுப்பினோம். பாலத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கால்வாய் வயலில் பரவி ஓட்டம் தணிந்திருந்த இடத்தில் அவர் படகைக் கொண்டுவந்தார். பாஸ்கரனும் இன்னொருவரும் அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். இந்தக் கரையில் என் ஜீப் தயாராக நின்றது. தாம்பரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. ஜீப்பில் ஏறும்போது பாஸ்கரன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் திரும்பியிருக்கமாட்டேன்.

பிறகுதான் நான் பார்க்கப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கரையில் ஒரு தென்னையில் சுற்றி தேவசகாயம் பிடித்துக்கொண்டார். படகையும் இன்னொரு கயிற்றில் கட்டி, கரையில் ஆறு பேர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். கன்னியப்பன் குப்பைக்கு ஓரமாகக் கழியைத் தூணை ஒட்டி இறக்கிவிட்டு அதன் முனையை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே புடிங்க மேடம். நான் சொன்னா இன்னா, உங்க கை சொல்லணும்."

இறக்கினேன். என் கை தண்ணீருக்குள் முழங்கைவரை போயிற்று. கழி எதையும் தொடவில்லை. அவர் என் கைக்கு மேல் கை வைத்து, கழியைத் தூண் பக்கமாகச் சாய்த்து மேலே இழுத்தார். டக் என்று எதிலோ தட்டியது. கீழிருந்து மேலாகத் தட்டியது. அடித்தளத்தின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டோம் என்று எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயிற்று. மண்ணின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய தூணின் ஒரு பக்கம் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நான் ஐம்பது நிமிடம் வண்டிகளை விட்டிருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். கன்னியப்பன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார். அப்போதே சொன்னீர்களே, நான்தான் கேட்கவில்லை என்றேன்.

"அப்பால கேட்டீங்க இல்ல," என்றார் அவர்.

பாலம் விழவில்லை. அடுத்த ஐந்து நாள் மக்கள் படகிலும் இடுப்பளவுத் தண்ணீரிலும்தான் போய்வந்தார்கள். ஒவ்வொரு நாளும் யாராவது பாலத்தின்மேல் ஏறிக் குதித்துக் காட்டி, எவ்வளவு திடமாக நிற்கிறது பாருங்கள் என்று வீடியோ போட்டார்கள். போட்ட சாலையை வெட்டிய பொறியாளர் என்று என் படமும் சுற்றியது. வீட்டில் என் கணவர் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் தண்ணீர் இறங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தால் தூணைச் சுற்றிலும் மணல், கையால் தடவிவிட்டதுபோலச் சமமாக இருந்தது. ஓட்டையும் இல்லை, பள்ளமும் இல்லை. நீங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: வெள்ளம் வேகமாக இருக்கும்போது தோண்டும், வேகம் குறையும்போது தான் தோண்டிய குழியைத் தானே மூடிவிட்டுப் போகும். எனக்கு அது புத்தகத்தில் தெரியும். அன்று கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து நின்ற முப்பது நாற்பது பேருக்கு எப்படித் தெரியும்? எங்கே மேடம் ஓட்டை என்று ஒருவர் சிரிக்காமலே கேட்டார்.

தோண்டச் சொன்னேன். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பல வருடம் இறுகிக் கிடந்த மண் அப்படி இறங்காது. இரண்டு ஆட்கள் ஆளுயரக் குழி எடுத்து, அடித்தளத்துக்கு அடியிலேயே கையை விட்டார்கள். மணலும் ஒரு ரப்பர் செருப்பும் பிறகு ஒரு பால் பாக்கெட் உறையும் வந்தன. தேவசகாயம் உறையைக் கழுவித் தேதியைப் படித்துவிட்டு, மேலே நின்றவர்களிடம் நீட்டினார். போன வாரத்துத் தேதி. எங்கள் துறையில் நான் சேருவதற்கு முன்பே கட்டிய பாலத்தின் அடித்தளத்துக்குக் கீழே போன வாரத்துப் பால் பாக்கெட்.

மேலே நின்றவர்களில் ஒருவர் மட்டும் கைதட்டினார், மற்றவர்கள் சேராததால் நிறுத்திவிட்டார். கவுன்சிலர் எனக்குச் சால்வை போடவேண்டும் என்றார். ஆறு நாளாகக் கூனிக்கொண்டிருந்த என் முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது.

பாஸ்கரன் கூட்டத்தில் நின்றிருந்தார். மெதுவாகச் சரிவில் இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், அன்று போய்ச் சேர்ந்தது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்குக் காலைல பத்து மணிக்கும் இதே நிலைமைதானா மேடம்?"

"ஆமாம் சார். அப்பவே இப்படித்தான்."

"என் பொண்ணு போனா. ஸ்கூட்டில. காட்டாங்குளத்தூர் காலேஜ்ல வேலை பாக்கறா. அம்மாவுக்கு மருந்து வாங்கணும்னு திறந்ததும் முதல்ல போனது அவதான்."

"தெரியும் சார்," என்றேன். "பச்சை ஹெல்மெட். நான்தான் கை காட்டி விட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அதையும் அறிக்கையில் எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

தூணை எப்படித் தாங்கிப் பிடித்து, அடியில் கான்கிரீட் நிரப்பி, கற்களைப் பரப்பி மறுபடி திறந்தோம் என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நான் சொல்லவந்தது அறிக்கையைப் பற்றி. அதன் முதல் வரைவு அரிப்பைக் கண்டுபிடித்துப் பாலத்தை மூடியதிலிருந்து தொடங்கியது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, தண்ணீர் மோதும் பக்கத்தில் ஆழம் பார்க்காமல் காலை பத்து மணிக்கு நான் பாலத்தைத் திறந்தேன் என்று தொடங்கினேன். மீனவர் கன்னியப்பன் எச்சரித்தும் உடனே நான் கேட்கவில்லை என்பது இரண்டாவது வரி. அதிகாரி படித்துவிட்டு, இது இப்படியே போகவேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். போகட்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார். மேலேயிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். எச்சரிக்கை ஒன்று என் பணிப் பதிவேட்டில் ஏறியது.

அதற்குப் பிறகு பல மழைக்காலங்களில் பல பாலங்களை மூடியிருக்கிறேன், திறந்திருக்கிறேன். ஏன் மூடினாய் என்று கேட்டபோதெல்லாம் தயங்காமல் பதில் சொன்னேன். திறக்கும்போது மட்டும் முதல் வண்டியை நிறுத்தி, ஓட்டுகிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கை காட்டுவேன். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.